மின்சாரக் காரின் புகை எங்கே போகிறது?

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கியதிலிருந்து அவிசாவளை - ஹட்டன் பாதையில் புதிய மின்சாரக் கார்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. 2020 மார்ச்சில் பூட்டிய கதவு ஏறத்தாழ ஐந்து வருடங்களுக்குப் பிறகு திறந்தது. அவ்வளவு காலமும் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டியவர்களுக்கு, கதவு திறந்ததும் சீனாவின் பி.வை.டி. போன்ற கம்பனிகளின் மின்சாரக் கார்கள்தான் முன்னால் வந்து நின்றன. கினிகத்தேனை கடைவீதியில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு இதுதான். "நானா, எடுக்கலாமா? எண்ணெய்ச் செலவு மிச்சம்தானே?" என்று ஒருவர் கேட்பார். "சுற்றாடலுக்கும் நல்லதாம்" என்று பக்கத்தில் இருப்பவர் ஒட்டிச் சொல்வார்.

எண்ணெய்ச் செலவுக் கணக்கை வியாபாரிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இரண்டாவது வார்த்தையைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். சுற்றாடலுக்கு நல்லதா? என் பதில், நல்லதுதான். ஆனால் அந்த நன்மை காரோடு சேர்ந்து கப்பலில் வந்து இறங்குவதில்லை. எத்தனை மணிக்குச் சார்ஜ் செய்கிறோம், வருடத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும், சில வேளை இல்லாமலும் போகும்.

கணக்கைக் கடைக் கொப்பியில் எழுதுவது போலவே எழுதிப் பார்ப்போம்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். டீசல் என்றால் 2.7 கிலோவுக்குக் கிட்ட. முக்கால் கிலோ எடைகூட முழுசாக இல்லாத எண்ணெயிலிருந்து இரண்டே கால் கிலோ புகையா என்று சிலர் கேட்பதுண்டு. காற்றில் உள்ள ஒட்சிசன் வந்து சேர்வதால்தான் எடை கூடுகிறது. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் ஒரு சாதாரண பெற்றோல் கார், ஒரு கிலோமீற்றருக்கு 190 கிராம் விடுகிறது. அந்த எண்ணெயைத் தோண்டி எடுத்து, கப்பலேற்றி, சப்புகஸ்கந்தையில் சுத்திகரித்து, பவுசரில் நம் மலைக்கு ஏற்றிவரும் செலவில் எழும் புகையையும் கூட்டினால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். அந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை.

இனி மின்சாரக் கார். ஒரு யுனிட் மின்சாரத்தில் சுமார் 6 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். மின்நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் கொஞ்சம் வீணாகிறது, சார்ஜ் செய்யும்போதும் கொஞ்சம் வீணாகிறது. அதையெல்லாம் சேர்த்தால் ஒரு கிலோமீற்றர் ஓட மின்நிலையம் ஐந்தில் ஒரு யுனிட் உற்பத்தி செய்ய வேண்டும். நிலக்கரியில் ஒரு யுனிட் எடுக்க ஒரு கிலோ அளவுக்குக் காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆகவே முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் கார் ஒரு கிலோமீற்றருக்கு 200 கிராம் விடுகிறது. பெற்றோல் காருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புகைக்குழாய் காரில் இல்லை, மின்நிலையத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே கார் லக்ஷபானத் தண்ணீரில் பிறந்த மின்சாரத்தில் ஓடினால் புகை மிகச் சொற்பம். சூரிய மின்சாரத்திலும் அப்படியே. நமது நாட்டு மின்சாரம் இரண்டும் கலந்தது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் தண்ணீர், சூரியன், காற்று மூன்றும் சேர்ந்து பாதியளவு தருகின்றன. மிச்சம் நிலக்கரியும் எண்ணெயும். இந்தக் கலப்பில் ஒரு கிலோமீற்றருக்கு 100 கிராமுக்குக் கிட்ட வரும். பெற்றோல் காரில் பாதி. மழை பொய்த்த வருடத்தில் இந்தத் தொகை ஏறிவிடும்.

இதோடு கணக்கை மூடினால் மின்சாரக் கார் வென்றது என்று சொல்லி எழுந்து போகலாம். ஆனால் கார் நம் வாசலுக்கு வருமுன்பே அதற்கு ஒரு கடன் இருக்கிறது.

பற்றரிதான் அந்தக் கடன். லித்தியம், நிக்கல், கோபால்ட், கிரஃபைட் என்று பூமியைத் தோண்டித்தான் பற்றரி செய்கிறார்கள். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை இறைத்து, வெயிலில் காயவைத்து லித்தியம் எடுக்கிறார்கள். தண்ணீருக்குத் தவிக்கும் பூமியில் தண்ணீரை ஆவியாக்கும் தொழில் அது. உலகத்தின் கோபால்ட்டில் பெரும்பகுதி கொங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சில குழிகளில் சிறுவர்கள் வேலை செய்வது உலகமறிந்த விஷயம். நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது, அதை உருக்கும் ஆலைகள் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகின்றன. இப்போது வரும் சீனக் கார்கள் பலவற்றில் இரும்பு - பொஸ்பேற்று வகைப் பற்றரி இருக்கிறது. அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அது ஒரு நல்ல மாற்றம். கார் பார்க்கப் போகிறவர் எந்த வகைப் பற்றரி என்று விற்பவரிடம் கேட்கலாம். இருக்கையின் தோல் எந்த நிறம் என்று கேட்பதைவிட அது உருப்படியான கேள்வி.

50 யுனிட் கொள்ளளவு உள்ள ஒரு பற்றரியைச் செய்யும்போது மட்டும் 3 முதல் 5 தொன் வரை காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. நடுவாக 4 தொன் என்று வைப்போம். நமது கலப்பு மின்சாரத்தில் கிலோமீற்றருக்கு 100 கிராம் மிச்சம் பிடித்தால், இந்த 4 தொன் கடனை அடைக்க 40,000 கிலோமீற்றர் ஓட வேண்டும். தண்ணீரும் சூரியனும் தரும் மின்சாரத்தை மட்டும் பார்த்துச் சார்ஜ் செய்தால் 20,000 கிலோமீற்றரிலேயே கடன் தீரும். முழுக்க நிலக்கரி என்றால் அது தீராத கடன்.

இதில்தான் வியாபாரி கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வருடத்துக்கு 3,000 கிலோமீற்றர், அதாவது கலியாணத்துக்கும் பெருநாளைக்கும் மட்டும் ஓடி, மிச்ச நாளெல்லாம் உறை போட்டு நிற்கிற கார், 40,000 கிலோமீற்றர் ஓடி முடிக்க 13 வருடம் வேண்டும். அதற்குள் பற்றரி முதுமையடைந்துவிடும். அப்படிப்பட்டவர் கையில் இருக்கும் சின்னப் பெற்றோல் காரையே பராமரித்து ஓட்டுவது பூமிக்கு நல்லது. நாள் முழுவதும் ஓடும் ஓட்டோவோ, வாடகைக் காரோ, கடைக் கடையாகச் சாமான் போடும் சின்ன வேனோ இரண்டு, மூன்று வருடத்திலேயே கடனை அடைத்துவிடும். நம் நாட்டில் நடப்பது நேர் எதிர். மின்சாரக் காரை முதலில் வாங்குபவர் வசதியுள்ளவர். அவர் வீட்டில் அது மூன்றாவது வாகனம்.

உலகக் கணக்கும் இதை ஒட்டியே இருக்கிறது. ஐ.சி.சி.டி. என்ற சர்வதேச போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2021 இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. கார் செய்வது முதல் கழிப்பது வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தது அந்த அறிக்கை. நடுத்தர மின்சாரக் கார் பெற்றோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 வீதம் வரை குறைவாகவும், சீனாவில் 37 முதல் 45 வீதம் வரை குறைவாகவும், இந்தியாவில் 19 முதல் 34 வீதம் வரை குறைவாகவும் வெப்பவாயுக்களை விடுகிறது என்று கண்டது. எங்கும் குறைவுதான். ஆனால் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள அந்தப் பெரிய இடைவெளி காரில் இல்லை, நிலக்கரியில் இருக்கிறது.

நிலக்கரி என்றதும் நமக்கு நினைவு வரவேண்டிய இடம் நுரைச்சோலை. 300 மெகாவொட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவொட். முதலாவது 2011 இல் ஓடத் தொடங்கியது, மற்ற இரண்டும் 2014 இல் சேர்ந்தன. புத்தளம், கற்பிட்டிப் பகுதி வாசகர்களுக்கு அதைப்பற்றி நான் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. காற்று வீசும் காலத்தில் கரித்தூளும் சாம்பலும் வீட்டுத் திண்ணையிலும் மரக்கறித் தோட்டத்திலும் படிகிறது என்று அந்த ஊர் மக்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து, அந்த மணலில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கிய குடும்பங்களும் அந்தப் பிரதேசத்தில்தான் இருக்கின்றன. கொழும்பில் ஒருவர் மின்சாரக் காரை இரவு செருகிவிட்டுத் தூங்கினால் அவருடைய தெருவில் புகை இல்லை. கற்பிட்டிப் பக்கம் வெங்காயப் பாத்தியில் நிற்பவருக்கு இருக்கிறது. புகையற்ற கார் என்று விளம்பரம் செய்பவர்கள் அந்தப் பாத்தியைப் படம் பிடித்துப் போடுவதில்லை.

இதைச் சொல்வதால் பெற்றோலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஓர் உயர்ந்த புகைபோக்கியில் வடிகட்டியும் அளவுகருவியும் பூட்டி, "ஏன் இப்படி?" என்று கேட்க ஓர் இடம் உண்டு. இலட்சக்கணக்கான வாகனங்களின் பின்புறத்தில் அப்படிக் கேட்க முடியாது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எப்படியெல்லாம் கிடைக்கிறது என்பதை வாகனம் வைத்திருக்கும் எல்லோரும் அறிவோம். அத்தோடு பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கினிகத்தேனை சந்தியில் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும் பழைய லொறியின் கறுப்புப் புகை, அதே உயரத்தில் நடந்துபோகும் பிள்ளையின் மூக்குக்குள்தான் போகிறது. நுரையீரல் கணக்கில் மின்சார வாகனத்துக்கு ஊருக்குள் சந்தேகமில்லாத வெற்றி.

நம் மலைக்கும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு. கினிகத்தேனையில் இருப்பவனுக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருவதல்ல. கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் இருந்து வருவது. 1918 இலேயே இந்த ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அதைக் காதில் போட்டுக்கொள்ள அரசாங்கத்துக்குப் பல பத்து வருடங்கள் எடுத்தது. பழைய லக்ஷபான மின்நிலையம் 1950 இல்தான் திறக்கப்பட்டது. பிறகு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள், நோட்டன் பிரிட்ஜில் அவருடைய பெயரிலேயே ஒரு மின்நிலையம், கென்யோன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று வரிசையாக வந்தன. ஒரே தண்ணீர் மேலே ஒரு தடவை சுற்றி, கீழே இறங்கி இன்னொரு தடவை சுற்றுகிறது. எல்லாம் சேர்த்து 350 மெகாவொட்டுக்கு மேல். கித்துல்கலைக்குப் பக்கத்தில் புரோட்லண்ட்ஸ் திட்டத்தில் இன்னும் 35 மெகாவொட்.

இதுவும் இலவசமாகக் கிடைத்ததல்ல. 1969 இல் மவுசாகலை அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் பழைய கோயிலும் பன்சலையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டுகின்றன. பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அணைக்குக் கீழே லக்ஷபான, அபர்டீன் நீர்வீழ்ச்சிகளுக்கு வரும் தண்ணீர் அணை விட்ட தண்ணீர். ஆறு, ஆறாக இல்லை. தண்ணீர் மின்சாரம் சுத்தமானது என்று சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நிலக்கரியோடு வைத்துப் பார்த்தால் நான் தண்ணீரின் பக்கம். கொடுத்த விலையை ஒரு தடவை கொடுத்தாயிற்று. 75 வருடமாகப் புகையில்லாமல் சுழல்கிறது.

இந்தத் தண்ணீருக்கும் எல்லை உண்டு. மழை இல்லாத மாதங்களில் காசல்ரீயின் கரை சிவப்பாகத் தெரியத் தொடங்கினால், கொழும்பில் எண்ணெய் மின்நிலையங்களின் சத்தம் கூடும். 2022 மார்ச் 31 ஆம் திகதி நாட்டில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீர்த்தேக்கத்திலும் தண்ணீர் இல்லை, எண்ணெய் வாங்க டொலரும் இல்லை. அதே வருடம் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, அதையும் வாங்க நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் நிற்காமல் மின்சாரக் காரில் போனவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் பலர். மின்வெட்டு நேரத்தில் அவரும் வீட்டில்தான் இருந்தார். இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான், பிற நாட்டு எரிபொருள்.

எந்த மணிக்குச் சார்ஜ் செய்வது என்பது இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது.

மணிக்கணக்குக் கட்டண முறையில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரையான நேரத்தைத்தான் மலிவாக வைத்து மக்களைப் பழக்கினார்கள். அந்த நேரத்தில் கடைகள் பூட்டு, தொழிற்சாலைகள் பல ஓய்வு, மின்சாரம் வாங்க ஆளில்லை. ஆனால் அந்த நேரத்தில் நிற்காமல் சுழல்வது எது? நிலக்கரி இயந்திரம். அதை வெதுப்பக அடுப்பு மாதிரி நினைத்த நேரம் அணைத்துப் பற்றவைக்க முடியாது. தண்ணீரைப் பெரும்பாலும் மாலை 6.30 க்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் எரியும் நேரத்துக்குச் சேர்த்து வைக்கிறார்கள். சூரியன் இரவில் இல்லை. ஆகவே நடுச்சாமத்தில் செருகிய காருக்குள் போவதில் பெரிய பங்கு நுரைச்சோலை.

பகலில் நிலைமை தலைகீழாகிவிட்டது. வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரம் மட்டும் 1,000 மெகாவொட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை காலை நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்ற செய்தி உலகம் முழுவதும் சிரிப்பாகப் போனது. குரங்கு ஒரு காரணம் என்றால், ஞாயிறு பகலில் மின்தேவை குறைந்து, வெயில் மின்சாரம் மிதமிஞ்சி, வலைப்பின்னல் தடுமாறும் நிலையில் இருந்தது இன்னொரு காரணம். அடுத்து வந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே வேண்டுகோள் விடுத்தது. யோசித்துப் பாருங்கள். டொலர் கொடுத்து நிலக்கரி வாங்கும் நாட்டில், இலவசமாகக் கிடைக்கும் வெயிலை "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொல்லும் நிலை. அந்தப் பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் ஓர் ஆயிரம் கார்கள் செருகப்பட்டிருந்தால் அவை வீணாகப் போகும் வெயிலைக் குடித்திருக்கும்.

அலுவலகத்துக்குப் போகிறவரின் கார் அந்த நேரத்தில் எங்கேயோ தரிப்பிடத்தில் நிற்கும். வியாபாரியின் கார் எங்கே நிற்கிறது? கடை வாசலில். காலை ஒன்பது மணி முதல் கடை பூட்டும்வரை அசையாமல் நிற்கிறது. பகல் சார்ஜுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் நாட்டில் வேறு யாரும் இல்லை. கடைக் கூரையில் சூரியத் தகடு போட்டவர், அதில் வரும் மின்சாரத்தைச் சபைக்கு விற்றுவிட்டு இரவில் வீட்டில் நிலக்கரி மின்சாரத்தில் காரைச் சார்ஜ் செய்வது, சொந்தத் தோட்டத்து மரக்கறியை விற்றுவிட்டு சந்தையில் வாடியதை வாங்குவது போல. கட்டணத்தை வகுப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும். மலிவு நேரம் என்பது நடுச்சாமத்திலிருந்து நண்பகலுக்கு மாற வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்படி மாறினால் யாரும் சொல்லாமலே மக்கள் பகலில் செருகுவார்கள். ரூபாவைப் போல நல்ல ஆசிரியர் இல்லை.

கினிகத்தேனையில் வெயிலா என்று சிரிப்பவர்களும் உண்டு. உண்மைதான். நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் இடங்களில் நம்முடையதும் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் தாண்டுவது இங்கே அதிசயமில்லை. ஆனால் மின்சாரம் ஒரே குளம். ஹம்பாந்தோட்டையில் அடிக்கும் வெயிலும் அதே குளத்துக்குத்தான் வருகிறது. இங்கே மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும்போது லக்ஷபானத் தண்ணீர் இரவு பகல் பாராமல் ஓட, நீர்த்தேக்கங்கள் சில வேளை நிரம்பி வழியும். அந்த மாதங்களில் இரவில் செருகினாலும் மனச்சாட்சி உறுத்தாது.

மலைப்பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்குச் சாமான் ஏற்றும் வேலையில் எத்தனையோ தடவை இந்தப் பாதையில் ஏறி இறங்கியவன் என்பதால் இதில் எனக்குத் தனி ஆர்வம். ஹட்டன் 4,000 அடிக்கு மேல், அவிசாவளை கிட்டத்தட்ட கடல் மட்டம். பெற்றோல் வாகனம் ஏறும்போது எரித்த எண்ணெயை இறங்கும்போது பிரேக் சூடாகவும் பிரேக் தூளாகவும் வீணாக்குகிறது. வளைவுகளில் வரும் அந்தக் கருகல் மணம் எல்லோருக்கும் பழக்கம். மின்சாரக் காரில் இறங்கும்போது மோட்டாரே டைனமோ ஆகிறது. ஒன்றரைத் தொன் எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது சுமார் 5 யுனிட் சக்தி அதற்குள் இருக்கிறது. அதில் மூன்று யுனிட் திரும்பப் பற்றரிக்குப் போனாலும் 18 கிலோமீற்றர் ஓட்டம் சும்மா கிடைத்த மாதிரி. பிரேக் தூளும் குறையும். இந்த நன்மை கொழும்புக்காரரைவிட நமக்குத்தான் அதிகம்.

ஆனால் ஹட்டனில் பற்றரியை நூற்றுக்கு நூறு நிரப்பிவிட்டு இறங்கினால் அந்தச் சக்தியை வைக்க இடமில்லை. மோட்டார் பிடித்துக்கொள்ளும் பலமும் குறைந்து, முழுச் சுமையும் கால் பிரேக்கில் விழும். எண்பது, எண்பத்தைந்து வீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குவது காருக்கும் நல்லது, கலுகல வளைவுகளில் எதிரே வருபவருக்கும் நல்லது. பாரம் கூடிய கார் என்பதால் டயர் தேய்மானமும் டயர் தூளும் கூடும் என்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

காரை மட்டும் பேசிக்கொண்டிருப்பதே ஒரு வகையில் பணக்காரப் பேச்சு. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு 50 பேரை ஏற்றிப் போகும் பழைய டீசல் பஸ், லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் ஓடினாலும், ஆளுக்கு ஒரு கிலோமீற்றருக்கு வெறும் 15 கிராம்தான் வருகிறது. தனி ஆளாக மின்சாரக் காரில் போகிறவரின் பங்கு 100 கிராம். கறுப்புப் புகை விடும் பஸ்ஸுக்குள் நசுங்கிப் போகும் தோட்டத் தொழிலாளிதான் இந்தப் பாதையில் பூமிக்கு மிகக் குறைந்த தீங்கு செய்பவர். அவருக்கு வரிச் சலுகையும் இல்லை, பாராட்டும் இல்லை. அரசாங்கம் மின்சார வாகனத்துக்கு ஒரு ரூபா விட்டுக்கொடுக்கிறது என்றால் அது முதலில் பஸ்ஸுக்கும், பத்து இலட்சத்துக்கு மேல் பதிவான முச்சக்கர வண்டிகளுக்கும் போக வேண்டும். நாளுக்கு நூறு கிலோமீற்றர் ஓடும் ஓட்டோ ஒன்று மின்சாரத்துக்கு மாறினால், அது சின்னப் பற்றரி, சின்னக் கடன், சில மாதங்களில் தீர்ந்துவிடும். வங்கிகள் சொகுசுக் காருக்குக் குத்தகை கொடுக்கக் காட்டும் அவசரத்தில் பாதியை ஓட்டோக்காரரிடம் காட்டலாம்.

கடைசியாக ஒரு விஷயம், பழைய பற்றரி. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வரி குறைந்திருந்தபோது நிஸான் லீஃப் கார்கள் நாட்டுக்குள் ஆயிரக்கணக்கில் வந்தன. 24 யுனிட் பற்றரி, அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. ஜப்பான் குளிருக்கு அது போதும். கொழும்பு வெயிலில் மீற்றரில் உள்ள 12 கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. புதிதில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியது பாதியாகி, விற்க முடியாமல் நின்ற கார்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புதிய கார்களில் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறது, பற்றரியும் உறுதியானது. என்றாலும் ஒரு நாள் அதுவும் ஓயும்.

சாதாரண ஈயப் பற்றரி செத்தால் பழைய இரும்பு வாங்குபவர் வீடு தேடி வந்து காசு கொடுத்துத் தூக்கிப் போவார். அந்த ஈயத்தை எந்தப் பின்வளவில், யாருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் உருக்குகிறார்கள் என்பது வேறு கதை. மின்சாரக் காரின் லித்தியப் பற்றரியை அவர் தொட மாட்டார். முந்நூறு கிலோ எடை, உடைத்தால் தீப்பிடிக்கும், அறியாதவர் கை வைத்தால் மின்சாரம் அடிக்கும். சிலர் அதைப் பிரித்து, நல்ல செல்களை எடுத்துச் சூரிய மின்சாரம் சேமிக்கப் பயன்படுத்துகிறார்கள். நல்ல யோசனை. காரை இழுக்க முடியாத பற்றரி, ஒரு கடையின் விளக்கையும் குளிர்சாதனப் பெட்டியையும் இரவில் ஓட்ட இன்னும் பல வருடம் போதும். மிச்சமாகும் செத்த செல்கள் எங்கே போகின்றன? காசல்ரீக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைக் கரையில் போய் விழுந்தால், புகையைக் குறைத்த பெருமையெல்லாம் அதோடு சரி.

ஆகவே காட்சியறைக்குப் போகும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். உத்தரவாதம் எத்தனை வருடம் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு ஓய்ந்த பற்றரியை யார், என்ன விலைக்குத் திருப்பி எடுப்பார் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் வேண்டாம், விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி, முத்திரை போட்டுக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாது என்று சொன்னால், எழுதித் தருகிற அடுத்த இடத்துக்குப் போகலாம். இப்போது விற்கும் போட்டியில் அப்படி ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார்.